11 நாள் மட்டுமே ஒளிர்ந்த புதுத் திரை: ஒரு மடிக்கணினிப் பழுதின் நிகழ்வு ஆய்வு

பெரியம்மா மகளான அக்கா என் வீட்டுக்கு வந்தபோது ஒரு கையில் மடிக்கணினியும் மறு கையில் ஓர் அட்டைப் பெட்டியும் இருந்தன. கணினியின் திரை இருண்டு கிடந்தது. பெட்டிக்குள், அதே கணினியிலிருந்து கழற்றிய பழைய திரையைக் குமிழித்தாளில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார்.

"புதுத் திரை போட்டு 11 நாள்தான் எரிந்தது, தம்பி. இன்று காலை திறந்தால் ஒன்றுமே இல்லை. மதர்போர்டே திரையைக் கெடுக்கிறது, அதை மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றுவதா, தூக்கிப் போடுவதா, நீதான் சொல்ல வேண்டும்."

அக்கா நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவர். ஆறு ஆண்டுகளாக அவருடைய வேலை முழுவதும் இந்த ஒரே கணினியில்தான் நடக்கிறது. பாதி திருத்திய ஒரு நூல் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. அவர் கவலை திரையைப் பற்றியதல்ல, அந்த நூலைப் பற்றியது என்பது முகத்திலேயே தெரிந்தது.

இந்த ஒரு பழுதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. முதலில் செய்த பழுதுபார்ப்பு பலித்தது. புதுத் திரை ஒளிர்ந்தது. ஒளிர்ந்ததாலேயே நோய் திரையில்தான் இருந்தது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். பிறகு மறுபடி இருண்டபோது அந்த முடிவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதன்மேலேயே அடுத்த முடிவை, மதர்போர்டு கெட்டது என்பதை, ஏற்றி வைத்தார்கள்.

கருவிகளைக் கையில் எடுப்பதற்கு முன்

கணினி 15.6 அங்குலம். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட எல்சிடி திரை. பின்னொளி எல்இடி. தொடுதிரை அல்ல. கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை என்று அக்கா உறுதியாகச் சொன்னார். நான் கேட்க விரும்பியது வேறு.

"முதல் தடவை போனதே, அது ஒரே நாளில் போனதா அக்கா?"

"இல்லை. இரண்டு மாதமாக மினுக்கிக்கொண்டிருந்தது. மூடியைப் பாதி சாய்த்து வைத்தால் வரும், நிமிர்த்தினால் போய்விடும். பின்னால் ஒரு தடித்த அகராதியை முட்டுக்கொடுத்து வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன்."

"திரையை மாற்றியவரிடம் இதைச் சொன்னீர்களா?"

"அவர் கேட்கவில்லை. எனக்கும் அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை."

அந்த அகராதிதான் இந்த வழக்கின் முதல் சாட்சி. திரைக்குத் தான் எந்தக் கோணத்தில் நிற்கிறோம் என்பது தெரியாது. அது கண்ணாடிச் சட்டத்துக்குள் அசையாமல் இருக்கும் ஒரு தட்டு. மதர்போர்டும் அப்படியே அடிப்பகுதியில் திருகுகளால் இறுக்கப்பட்டுக் கிடக்கிறது. மூடி அசையும்போது மடிந்து நிமிர்வது இரண்டையும் இணைக்கும் கேபிள்தான். அதோடு, மூடியின் விளிம்பில் இருக்கும் ஒரு சிறு காந்தமும் இடம் மாறுகிறது. ஆகவே கோணத்துக்கு ஏற்ப வந்து போகும் பழுது என்றால் சந்தேகம் முதலில் விழ வேண்டியது கேபிள்மீது, அடுத்து மூடியை உணரும் பகுதிமீது. திரை அதற்கும் பிறகுதான்.

ஆனாலும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு பாகம் வாங்கக் கூடாது. திரையை மாற்றியவரும் ஒரு சந்தேகத்தின் பேரில்தான் திரையை வாங்கினார்.

எந்த இருட்டு?

"திரை வேலை செய்யவில்லை" என்று மூன்று வேறு நிலைகளை ஒரே சொல்லால் சொல்கிறோம். கணினியே உயிர் பெறாமல் இருக்கலாம். கணினி ஓடிக்கொண்டிருந்தும் படம் திரைக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். படம் சேர்ந்தும், அதன் பின்னால் எரிய வேண்டிய விளக்கு எரியாமல் இருக்கலாம். மூன்றும் கண்ணுக்கு ஒரே கறுப்பாகத்தான் தெரியும். எந்தக் கறுப்பு என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்குக் கணினியைத் திறக்கவும் வேண்டாம்.

முதல் கேள்விக்கு விசைப்பலகையே பதில் சொன்னது. மின்பொத்தானை அழுத்தினேன், விசிறி சுழன்றது. அரை நிமிடம் விட்டு கேப்ஸ் லாக் விசையைத் தட்டினால் அதன் விளக்கு எரிந்து அணைந்தது. அந்த விளக்கு தட்டலுக்குத் தட்டல் மாறினால் கணினி உயிரோடு இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். மாறாமல் உறைந்திருந்தாலோ, தொடக்கத்தில் விளக்குகள் ஒரு கணக்கில் மினுக்கினாலோ, திரையை மறந்துவிட்டு ரேமைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி பொருத்திப் பார்ப்பேன். ரேம் சரியாகப் பதியாத கணினியும் இதே போலக் கறுத்துத்தான் நிற்கும்.

அடுத்து எச்டிஎம்ஐ கேபிள் வழியாக வெளி மானிட்டரை இணைத்தேன். விண்டோஸ் விசையோடு 'பி' விசையை அழுத்தி இரண்டு திரையிலும் ஒரே படம் என்று தேர்ந்தெடுக்க, மானிட்டரில் எல்லாம் துலங்கியது. அக்கா எதுவும் பேசவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த நூலின் கோப்பைத் திறந்து, கடைசியாகத் திருத்திய பக்கம் வரை போய்ப் பார்த்தார். அதை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்த பிறகுதான் நான் அடுத்த சோதனைக்குப் போனேன். கணினி ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த அந்த நிமிடமே கோப்புகளை எடுத்துவிட வேண்டும். பிறகு எது நடந்தாலும் கை நடுங்காது.

மானிட்டரில் படம் வருகிறது என்றால் படத்தை உருவாக்கும் வரைகலைப் பகுதி நன்றாக இருக்கிறது. அதோடு நிற்காமல், திரை அமைப்புகளுக்குள் போய் எத்தனை திரைகள் பட்டியலில் இருக்கின்றன என்று பார்த்தேன். இரண்டு இருந்தன. உட்திரை தன் 1920-க்கு 1080 அளவோடு அங்கே நின்றது. இது சிறிய செய்தியல்ல. ஒவ்வொரு திரைக்குள்ளும் தன் அடையாளத்தையும் அளவையும் சொல்லும் ஒரு சிறு நினைவகம் உண்டு. கணினி அதைக் கேபிள் வழியாக வாசித்துத்தான் திரையைப் பட்டியலில் சேர்க்கிறது. பெயர் பட்டியலில் இருக்கிறது என்றால் திரைக்கு மின்சாரம் போகிறது, இருவரும் பேசிக்கொள்கிறார்கள். பட்டியலிலேயே இல்லாமல் போயிருந்தால் நான் வேறு பாதையில் தேடியிருப்பேன்.

மென்பொருள் கோளாறா என்ற கேள்வி சட்டென்று முடிந்தது. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திக்கொண்டு ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தைத் தட்டினால் வரைகலை இயக்கி மறுபடி தொடங்கும். புதுப்பித்தலுக்குப் பின் கறுத்த திரைகளை அது சில வேளை மீட்டுவிடும். ஆனால் இந்தக் கணினியில் மின்பொத்தானை அழுத்தியதும் வர வேண்டிய தயாரிப்பாளர் சின்னமே உட்திரையில் தெரியவில்லை. விண்டோஸ் எழுவதற்கு முன்பே இருள் என்றால் குற்றம் விண்டோஸுடையது அல்ல.

டார்ச் வெளிச்சத்தில் ஒரு 'ழ'

எல்சிடி திரை தானாக ஒளிராது. அது ஒரு வண்ண ஜன்னல். பின்னாலிருந்து வரும் வெள்ளை ஒளியை ஒவ்வொரு புள்ளியிலும் விடுவதும் தடுப்பதுமே அதன் வேலை. ஆகவே விளக்கு அணைந்தாலும் ஜன்னலில் படம் இருந்துகொண்டேதான் இருக்கும். பார்க்க வெளிச்சம் இல்லை, அவ்வளவுதான்.

அறை விளக்கை அணைத்தேன். மெய்ப்புப் பக்கம் ஒன்றை எழுத்து மிகப் பெரிதாகத் தெரியும்படி விரித்து, கைபேசியின் டார்ச்சைத் திரையை ஒட்டிச் சாய்வாகப் பிடித்து மெல்ல நகர்த்தினேன். நேராக அடித்தால் கண்ணாடியின் கூச்சம் மட்டுமே தெரியும், சாய்வு முக்கியம். இரண்டு முறை ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் முறை, இடது ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, சாம்பல் பரப்பில் சற்றே அடர்ந்த சாம்பலாக ஒரு வளைவு தென்பட்டது. டார்ச்சை அங்கேயே நிறுத்தினேன். 'ழ'. அதன் சுழியும் கீழே இறங்கும் வாலும் தெளிவாக இருந்தன. மானிட்டரில் பக்கத்தை நகர்த்தச் சொன்னேன். அக்கா நகர்த்த, டார்ச் வட்டத்துக்குள் 'ழ' மேலே ஏறி மறைந்தது.

அக்கா குனிந்து பார்த்து, "அப்படியானால் திரை செத்துப்போகவில்லையா?" என்றார்.

படம் வருகிறது. ஒளி மட்டும் இல்லை. இந்த ஒரு சோதனை சந்தேக வட்டத்தை முக்கால் பங்கு சுருக்கிவிட்டது. திரை போய்விட்டது என்று யாராவது சொன்னால், டார்ச் அடித்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். கைபேசி இல்லாதவர் இன்று யார் இருக்கிறார்கள்? அரை நிமிடம் போதும். ஓலெட் திரைகளுக்கு மட்டும் இது பொருந்தாது. அவற்றில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் தனியாகப் பின்னொளி என்று ஒன்று கிடையாது.

பழைய மடிக்கணினிகளில் பின்னொளிக்கு குளிர் கேத்தோடு விளக்கு என்னும் மெல்லிய ஒளிர்குழாய் இருந்தது. அதற்கு உயர் மின்னழுத்தம் தர இன்வெர்ட்டர் என்றொரு தனிப் பலகை. அக்காலத்தில் இந்த அறிகுறிக்கு இன்வெர்ட்டரை மாற்றுவதே வழக்கம். எல்இடி வந்தபின் இன்வெர்ட்டர் போய்விட்டது. இடிபி என்னும் இணைப்பு முறை கொண்ட இன்றைய பெரும்பாலான திரைகளில் எல்இடி வரிசையை இயக்கும் சுற்று திரையின் கீழ் விளிம்பிலேயே ஒட்டியிருக்கிறது. மதர்போர்டு அதற்கு அனுப்ப வேண்டியவை மூன்று: எரிவதற்கான மின்சாரம், "எரி" என்னும் ஆணை, எவ்வளவு பிரகாசம் என்னும் துடிப்பு. மூன்றில் எது வராவிட்டாலும் இருட்டு.

காந்தம் செய்யக்கூடிய குறும்பு

உள்ளே போவதற்கு முன் ஒன்றைத் தீர்த்தாக வேண்டியிருந்தது. மூடி மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதைக் கணினி ஒரு காந்த உணரியால் அறிகிறது. எட்வின் ஹால் 1879ஆம் ஆண்டு கண்ட விளைவின்படி இயங்குவதால் அதற்கு ஹால் உணரி என்று பெயர். மூடியின் விளிம்பில் காந்தம், அதற்கு நேர் கீழே உடலில் உணரி. மூடிவிட்டதாக உணரி சொன்னால் பல கணினிகள் பின்னொளியை மட்டும் அணைத்துவிடும். டார்ச் சோதனையில் அதுவும் இதே போலத்தான் தெரியும்! கைபேசி உறையின் காந்தப் பூட்டும், கீழே அடுக்கி வைத்த இன்னொரு மடிக்கணினியும்கூட உணரியை ஏமாற்றும். இந்தக் கணினியின் சட்டத்தை ஏற்கெனவே ஒருவர் கழற்றி மாட்டியிருந்தார். காந்தம் இடம் மாறியிருக்க வாய்ப்பும் இருந்தது.

பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றினேன். மூடியின் நிலையை லினக்ஸ் ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கும். மானிட்டரில் அதை வாசித்துப் பார்க்க, திறந்திருக்கிறது என்றது. ஒரு சிறு காந்தத்தை விசைப்பலகை விளிம்பில் மெல்ல நகர்த்தினேன். ஓரிடத்தில் கோப்பு மூடியிருக்கிறது என்று மாறியது; காந்தத்தை எடுத்ததும் திறந்திருக்கிறது என்று திரும்பியது. உணரி நேர்மையாக இருந்தது.

மீதமிருந்தவை நான்கு: கேபிள், பின்னொளி ஃபியூஸ், திரையிலுள்ள எல்இடி இயக்கி, மதர்போர்டிலிருந்து கிளம்பும் ஆணை. அடுத்தடுத்து இரண்டு திரைகளின் இயக்கியும் ஒரே மாதிரி சாவது மிக அரிது. மதர்போர்டு அகராதிக்குக் கட்டுப்பட்டு நடக்காது.

உள்ளே

கணினியை முழுவதும் அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியைக் கழற்றியதும் முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டரை விடுவித்தேன். பிறகு மின்பொத்தானை இருபது விநாடி அழுத்திப் பிடித்து மிச்சமிருந்த மின்சாரத்தை வடித்தேன். இந்த வரிசையில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை. கணினி அணைந்திருந்தாலும் பேட்டரி செருகியிருக்கும்வரை பலகையில் மின்சாரம் இருக்கிறது. அந்த நிலையில் திரைக் கேபிளைச் சற்றுக் கோணலாகச் செருகினாலோ பிடுங்கினாலோ பின்னொளி மின்சாரம் கனெக்டரின் பக்கத்து இணைப்பு முனையில், அதாவது பக்கத்துப் பின்னில், பாயலாம். நல்ல நேரமாக இருந்தால் ஃபியூஸோடு போகும். இல்லாவிட்டால் திரையும் மதர்போர்டும் போகும். கேபிளைச் சரிசெய்யப் போய், வேறொரு பழுதை உண்டாக்கி, கடைசியில் மதர்போர்டு கெட்டது என்று எழுதிக்கொடுக்கப்பட்ட கணினிகளை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கணினியை முன்பே ஒருவர் தொட்டிருந்ததால் ஃபியூஸிலிருந்து தொடங்கினேன். திரைக் கனெக்டருக்கு அருகே, அரிசி நொய்யைவிடச் சிறிதாக உட்கார்ந்திருக்கும். மல்டிமீட்டரை, மின்பாதை அறாமல் இருந்தால் ஒலிக்கும் தொடர்ச்சி நிலையில் வைத்து இரு முனையையும் தொட, பீப் ஒலித்தது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. மதர்போர்டைக் குற்றம் சொன்னவர்கள் இதையாவது அளந்து பார்த்திருக்கலாம்.

அடுத்து கேபிள். சட்டத்தை உள்விளிம்பிலிருந்து பிளாஸ்டிக் நெம்புகோலால் கிளப்பி எடுத்தேன். வெளிவிளிம்பிலிருந்து கிளப்பினால் கொக்கிகள் உடையும். திரையின் பின்புறம் கனெக்டரின் மேல் ஒட்டியிருந்த நாடாவை உரித்து, கம்பி வளையப் பூட்டைத் தூக்கி, கேபிளைப் பலகைக்கு இணையாக, மேல்நோக்கி அல்ல, இழுத்து விடுவித்தேன். மறுமுனையையும் மதர்போர்டிலிருந்து எடுத்துவிட்டு, கேபிளைக் கீலுக்குள்ளேயே இருந்தபடி விட்டுவைத்தேன். அளக்கும்போது கீலை அசைத்துப் பார்க்க வேண்டுமே.

30 பின் கொண்ட இடிபி கனெக்டர் அது. பின்னுக்குப் பின் அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. மல்டிமீட்டரின் முனை அதற்கு மண்வெட்டி போன்றது. இரண்டு தையல் ஊசிகளை எடுத்து, முனைகளோடு செப்புக் கம்பியால் இறுகச் சுற்றிக் கட்டினேன். திரைப் பக்கத்தில் பின் வரிசை பொதுவாக ஒரே முறையில்தான் இருக்கும்: 12, 13 திரைக்கான 3.3 வோல்ட்; 18 முதல் 21 வரை பின்னொளியின் தரை (கிரவுண்ட்); 22 "எரி" ஆணை; 23 பிரகாசத் துடிப்பு; 24, 25 காலி; 26 முதல் 29 வரை பின்னொளி மின்சாரம். மதர்போர்டுப் பக்கத்து வரிசை மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், ஓர் ஊசியை இந்தப் பக்கம் நிறுத்தி, மற்றதை அந்தப் பக்கம் ஒவ்வொரு பின்னாக நகர்த்தி ஜோடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அக்கா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தார். மெய்ப்புத் திருத்தும் கை. ஒரு எண்கூடப் பிசகவில்லை.

பின்னொளி மின்சாரம் வந்தது. தரை வந்தது. 23 வந்தது. 22-க்கு மட்டும் எந்தப் பின்னிலும் பீப் இல்லை.

எல்லாப் பின்களையும் தொட்டாயிற்று, ஜோடி இல்லாமல் மிஞ்சியவற்றில் எது 22-க்குரியது? மிஞ்சிய பின் ஒவ்வொன்றிலும் ஊசியை வைத்துக்கொண்டு, அக்காவிடம் மூடியை மெதுவாக அசைக்கச் சொன்னேன். நான்காவது பின்னில், மூடி சுமார் பாதி சாய்வுக்கு வந்தபோது, "பீ" என்று ஓர் ஒலி எழுந்து அறுந்தது. இன்னும் மெதுவாக. மறுபடி எழுந்தது, விட்டு விட்டு. கீலை ஒட்டிய மடிப்பில் கேபிளை விரலால் அழுத்தினால் ஒலி நின்று நீடித்தது. விரலை எடுத்தால் மௌனம்.

"அகராதியை வைக்கும் இடம்" என்றார் அக்கா.

கறுப்பு நாடாவைப் பிரித்துப் பார்த்தபோது உறைக்குள் அந்த ஒரே இழை ஒடிந்திருந்தது. தலைமுடிப் பருமன்தான் இருக்கும். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருந்தன. தொடும்போதெல்லாம் ஆணை போனது, திரை எரிந்தது.

கேபிள் வளைவில் நேரும் இந்தப் பழுது பெரிய நிறுவனங்களையும் விட்டதில்லை. 2016இல் வந்த மேக்புக் புரோ கணினிகளில் திரைக்குப் போகும் மெல்லிய பட்டைக் கேபிள் திறந்து மூடும்போது தேய்ந்து, முதலில் திரையின் அடியில் மேடை விளக்குகள் போல ஒளித் திட்டுகள் தோன்றின. பிறகு ஒரு கோணத்துக்கு மேல் திறந்தால் பின்னொளியே அணைந்தது. 2018 மாடலில் அந்தக் கேபிள் 2 மில்லிமீட்டர் நீளமாக்கப்பட்டிருந்ததைப் பழுதுபார்ப்பு வழிகாட்டித் தளமான ஐஃபிக்ஸிட் அளந்து காட்டியது. 2019 மே மாதம் ஆப்பிள் 13 அங்குல 2016 மாடலுக்கு இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவித்தது. வெறும் 2 மில்லிமீட்டர்! வளைவில் கேபிளுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் வேண்டும்.

கேபிள் ஏன் ஒடிந்தது?

இங்கே நிறுத்தி, கேபிளை மாற்றிக் கொடுத்திருந்தால் நானும் முதலாமவர் செய்ததையே செய்திருப்பேன். அக்கா சில மாதங்களில் திரும்பி வந்திருப்பார். ஆறு ஆண்டு நன்றாக மடிந்து நிமிர்ந்த இழை திடீரென்று ஏன் ஒடிய வேண்டும்?

இடது கீலைப் பார்த்தேன். கீலின் உலோகத் தகடு மூன்று திருகுகளால் அடிப்பகுதியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. திருகுகள் பிளாஸ்டிக்கில் நேராகப் பதிவதில்லை. பிளாஸ்டிக் தூண்களுக்குள் பதித்த பித்தளைக் குமிழ்களில் பதிகின்றன. மூன்றில் இரண்டு தூண்கள் பிளந்து, பித்தளைக் குமிழ்கள் திருகோடு சேர்ந்து மேலே வந்திருந்தன. கீல் ஆண்டுக்கணக்கில் இறுகிப்போயிருந்தது. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இறுக்கம் தூண்களை நெம்பியிருக்கிறது. தூண்கள் விட்டதும் கீல் தகடு மேலெழுந்து, கேபிள் தன் பள்ளத்திலிருந்து நழுவித் தகட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே சிக்கியிருக்கிறது. பிறகு ஒவ்வொரு திறப்பும் ஒரு கடி.

11 நாள் கணக்கும் இப்போது விளங்கியது. திரையை மாற்றியவர் கேபிளைக் கழற்றி, இழுத்து, மறுபடி படுக்க வைத்திருக்கிறார். அந்த அசைவில் ஒடிந்த முனைகள் மீண்டும் தொட்டுக்கொண்டன. புதுத் திரை எரிந்தது. அவர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. கண்ணெதிரே எரியும் திரையை யார்தான் சந்தேகிப்பார்கள்? கொடுப்பதற்கு முன் மூடியை இருபது முறை திறந்து மூடிப் பார்த்திருந்தால் அவர் மேசையிலேயே அது அணைந்திருக்கும். பதினோராம் நாள் இரவுவரை காத்திருக்க வேண்டி வந்திருக்காது.

சரிசெய்தது

பிளந்த தூண்களைச் சுத்தம் செய்து, பித்தளைக் குமிழ்களை அவற்றின் இடத்தில் நிறுத்தி, இரு கலவை எப்பாக்சி பசையிட்டு ஒரு முழு நாள் அசைக்காமல் காயவிட்டேன். கீலின் முனையிலுள்ள இறுக்க நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். மூடி எந்தக் கோணத்திலும் நிற்க வேண்டும். ஆனால் ஒரு விரலால் திறக்கவும் வர வேண்டும். அவ்வளவு இறுக்கம் போதும்.

கேபிளை மாடல் பெயரைச் சொல்லி வாங்கவில்லை. கேபிளின் மேல் ஒட்டிய சீட்டிலிருந்த பாக எண்ணைக் கொடுத்து வாங்கினேன். ஒரே மாடலில் தொடுதிரை உள்ளதும் இல்லாததும் உண்டு. ஒன்றுக்கு 30 பின், மற்றொன்றுக்கு 40 என்று வேறுபடலாம். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்து, உள்ளே இழை வரிசை மாறியிருந்தால், பின்னொளி மின்சாரம் படத்துக்கான பின்னில் ஏறிவிடும். வந்த கேபிளையும் செருகுவதற்கு முன் ஊசிகளால் முனைக்கு முனை அளந்து, அக்காவின் குறிப்பேட்டோடு ஒப்பிட்டேன். ஒடிந்த இழையை ஒட்டவைத்திருக்கலாமே என்று கேட்கலாம். மடிப்பில் போடும் ஈயப் பற்று அந்த இடத்தை விறைப்பாக்கும். விறைத்த இடத்துக்கு அடுத்து அது மறுபடி ஒடியும். நான் அதை விரும்புவதில்லை.

கேபிளைப் பள்ளத்தில் படுக்க வைத்து, கீல் அருகே சற்றுத் தளர்வு விட்டு, நாடா ஒட்டினேன். எல்லாம் செருகிய பிறகே பேட்டரி. மின்பொத்தானை அழுத்தினேன். தயாரிப்பாளர் சின்னம் வந்தது. அக்கா கைதட்டப் போனார், பொறுங்கள் என்றேன். முழு வெள்ளைப் பக்கத்தை வைத்துக்கொண்டு மூடியை முப்பது முறை, மிக மெதுவாகத் திறந்து மூடினோம். பிரகாசத்தை அடியிலிருந்து உச்சிவரை ஏற்றி இறக்கினோம். ஒரு மினுக்கல்கூட இல்லை. அதன் பிறகும் ஒரு வாரம் என்னிடமே வைத்துக்கொண்டு தினமும் திறந்து பார்த்தேன்.

அட்டைப் பெட்டி

அக்கா கணினியை வாங்க வந்த அன்று அந்தப் பெட்டி இன்னும் மேசை ஓரத்தில் இருந்தது. பேட்டரியை விடுவித்து, புதுத் திரையைக் கழற்றி, குமிழித்தாளைப் பிரித்துப் பழைய திரையைப் புதுக் கேபிளில் மாட்டினேன். மறுபடி பேட்டரி, மின்பொத்தான்.

சின்னம் வந்தது. பின் விண்டோஸ், பின் அக்காவின் மெய்ப்புப் பக்கம். வலது கீழ் மூலையில், மிளகளவு ஒரு வெளிர் புள்ளி தெரிந்தது.

"இந்தப் புள்ளி எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. "மூன்று வருடமாக இதைப் பார்த்துக்கொண்டுதானே வேலை செய்தேன்." சிறிது நேரம் எதுவும் சொல்லாமல் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதுவே இருக்கட்டும், தம்பி. புதியதை அந்தப் பெட்டியில் வைத்துக் கொடு" என்றார்.